ஆர்ம் மடிக்கணினியில் புதிய லினக்ஸ் வெளியீட்டைச் சோதித்தல்: பென்டிரைவ் முதல் பிழை அறிக்கை வரை

வேலூரின் சத்துவாச்சாரியில் என் மேசைமேல் இருக்கும் மடிக்கணினிக்குள் விசிறி கிடையாது. லெனோவோ நிறுவனம் 2022-ல் அறிமுகப்படுத்திய திங்க்பேட் எக்ஸ்13எஸ் மாதிரி அது. ஒரு கிலோவைச் சற்றே தாண்டும் எடை, ஆர்ம் என்னும் செயலி வகையைச் சேர்ந்த குவால்காமின் ஸ்னாப்டிராகன் 8சிஎக்ஸ் மூன்றாம் தலைமுறைச் சில்லு, இரண்டே இரண்டு யுஎஸ்பி-சி துளைகள், 49.5 வாட்-மணி பேட்டரி. சென்னை ரிச்சி தெருவில் இரண்டாம் கையாக வாங்கி, காட்பாடி வரை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வோர் ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும் உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் புதிய பதிப்பை, வெளியீட்டு நாளுக்கு மூன்று நான்கு வாரங்கள் முன்பாகவே இந்தக் கணினியில் ஏற்றிச் சோதிப்பது என் வழக்கம்.

இன்டெல் கணினியில் செய்யும் சோதனைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இன்டெல் கணினியில் புதிய வெளியீட்டைச் சோதிப்பவர் பெரும்பாலும் மேசைத்தளத்தைத்தான் சோதிக்கிறார்: சாளரங்கள், அமைப்புகள், செயலிகள். ஆர்ம் மடிக்கணினியிலோ, கர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஃபர்ம்வேரும் (வன்பொருளை இயக்கும் அடிப்படை மென்பொருள்) வன்பொருளைப் பற்றிய விவரக் கோப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதுதான் முதல் சோதனை. மேசைத்தளம் அதற்குப் பிறகே வருகிறது. பழைய வெளியீட்டில் எது எவ்வாறு இயங்கியது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காதவர், புதியதில் கண்ட குறை புதிதாக வந்ததா, முன்பிருந்தே இருந்ததா என்று சொல்ல முடியாமல் திணறுவார். ஆகவே இந்த வழிகாட்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் அடிக்கடி தலைகாட்டும். கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எந்தக் கணினிகளுக்கு இது பொருந்தும்

விண்டோஸோடு விற்கப்படும், யுஇஎஃப்ஐ எனப்படும் தொடக்க ஃபர்ம்வேர் கொண்ட ஸ்னாப்டிராகன் மடிக்கணினிகளுக்கு இந்த வழிமுறை பொருந்தும். ஆப்பிளின் எம்1, எம்2 கணினிகளில் பென்டிரைவைச் செருகி நேராகப் பூட் செய்யும் வழி இல்லை. மேக்ஓஎஸ்ஸுக்குள்ளிருந்து அசாஹி என்னும் லினக்ஸ் திட்டத்தின் நிறுவியை இயக்கித்தான் தொடங்க வேண்டும் என்பதால் அது வேறு கதை.

ஸ்னாப்டிராகன் கணினிகளில் ஏன் இத்தனை கவனம் தேவை என்பதை ஒரு முறை புரிந்துகொண்டால், பின்னால் வரும் படிகள் எல்லாம் தாமாகவே விளங்கும். வழக்கமான இன்டெல் கணினியில் ஏசிபிஐ என்னும் ஏற்பாட்டின் வழியாக ஃபர்ம்வேரே இயங்குதளத்திடம் தன்னிடம் என்னென்ன உறுப்புகள் உள்ளன என்று சொல்லிவிடுகிறது. இந்த ஆர்ம் மடிக்கணினிகளிலும் ஏசிபிஐ உண்டு. ஆனால் அது விண்டோஸையும் அதற்கான டிரைவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. லினக்ஸ் அதைக் கொண்டு இந்தக் கணினியை முழுமையாக இயக்க முடியாது. அதனால் டிவைஸ் ட்ரீ எனப்படும் தனிக் கோப்பு வேண்டியிருக்கிறது: எந்த மின்சீராக்கி திரைக்கு மின்சாரம் தருகிறது, தொடுபலகை எந்த இணைப்பில் இருக்கிறது, எந்தக் கடிகாரத் துடிப்பு எந்த உறுப்புக்குப் போகிறது என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு கோப்பு. பக்கத்து மாதிரியின் கோப்பைக் கொடுத்தால், காட்பாடி வரைபடத்தை வைத்துக்கொண்டு குடியாத்தத்தில் தெரு தேடுவது போலாகும்.

முதலில் பழையதை அளந்து வையுங்கள்

இப்போது கணினியில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பில் ஒரு மாலை நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். நோட்டின் இடப்பக்கத்தில் பழைய பதிப்பின் விவரங்களை எழுதி, வலப்பக்கத்தைப் புதியதற்காக வெறுமையாக விட்டுவிடலாம். முதல் வரியில் பயாஸ் (கணினியின் தொடக்க ஃபர்ம்வேர்) பதிப்பு எண், இரண்டாம் வரியில் யுநேம் கட்டளை காட்டும் கர்னல் எண், மூன்றாம் வரியில் மேசா வரைகலைத் தொகுப்பின் எண். அதன் கீழே வைஃபை, புளூடூத், ஒலிபெருக்கி, மைக், கேமரா, திரைப் பிரகாசம், சிறப்பு விசைகள், மூடியை மூடினால் உறங்குதல், வெளித்திரை, கைரேகை என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. "சரி" என்று மட்டும் எழுதினால் போதாது. "ஹெட்போன் செருகியதும் ஒலி தானாக மாறியது, கழற்றியபின் இரண்டு நொடி கழித்துத் திரும்பியது" என்று எழுதினால்தான் மூன்று வாரம் கழித்துப் படிக்கும்போது பயன்படும்.

அளக்கக்கூடியவற்றை எண்ணாகவே எழுதுங்கள். திரைப் பிரகாசத்தைப் பாதியாக வைத்து, வைஃபை இணைப்பில் இருக்க, எந்தச் செயலியும் திறக்காமல் ஐந்து நிமிடம் விட்டு, யுபவர் கட்டளை காட்டும் மின்செலவைக் குறிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக அது 4.5 வாட் என்றால், 49.5 வாட்-மணி கொண்ட புதிய பேட்டரிக்கு 11 மணி நேரம் என்று கணக்கு வரும். உங்களுடையது பழைய பேட்டரியாக இருந்தால், அதே கட்டளை காட்டும் இப்போதைய முழுக் கொள்ளளவை வைத்துத்தான் வகுக்க வேண்டும். இரவு மூடியை மூடும்போது பேட்டரி எத்தனை விழுக்காடு, காலையில் திறக்கும்போது எத்தனை என்பதையும் எழுதுங்கள். எட்டு மணி நேரத்தில் 5 விழுக்காடு இறங்கினால் உறக்கத்தின்போது சராசரியாக 0.3 வாட் செலவாகியிருக்கிறது என்று பொருள்.

அளந்து முடித்ததும் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து வையுங்கள். விண்டோஸ் பகுதியை இன்னும் வைத்திருப்பவர்கள் அதை அழிக்காமல் விடுவது நல்லது; பயாஸ் மேம்படுத்தல்களுக்கும், சில மாதிரிகளில் ஃபர்ம்வேர் கோப்புகளைப் பிரித்தெடுப்பதற்கும் அது தேவைப்படும். அந்தப் பகுதி பிட்லாக்கர் என்னும் விண்டோஸ் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்ட பிறகே ஃபர்ம்வேர் அமைப்புகளைத் தொட வேண்டும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் செய்யவிடும் செக்யூர் பூட் ஏற்பாட்டை அணைத்த மறுகணமே விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்டு நிற்கக்கூடும்.

ஐஎஸ்ஓ கோப்பும் பென்டிரைவும்

2025 ஏப்ரலில் வந்த 25.04 முதல் உபுண்டு, ஆர்ம்64 மேசைக்கணினிகளுக்கான பொதுவான ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் முழு நகல்) வெளியிட்டு வருகிறது. வெளியீட்டுக்கு முந்தைய மாதங்களில் நாள்தோறும் ஒரு கோப்பு உருவாகும். பதிவிறக்கும் இடத்தில் "ஏஎம்டி64", "ஆர்ம்64" என இரண்டு பெயர்கள் அருகருகே இருக்கும். முதலாவது இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கானது. அவசரத்தில் அதை இறக்கிவிட்டு, பூட் பட்டியலில் பென்டிரைவே தெரியவில்லை என்று தவிப்பவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நாளொன்றுக்கு 2 ஜிபி மட்டும் தரும் கைபேசி இணைப்பை வைத்திருப்பவர்களுக்கு இந்த நாள்தோறும் கோப்புகள் கட்டுப்படியாகாது. ஜெட்சின்க் என்னும் கருவி இதற்காகவே இருக்கிறது: உங்களிடம் உள்ள பழைய ஐஎஸ்ஓவைப் புதியதோடு ஒப்பிட்டு, மாறிய துண்டுகளை மட்டும் இறக்கிக் கோர்த்துக் கொடுத்துவிடும். முதல் முறை மட்டும் முழுக் கோப்பையும் இறக்க நல்ல இணைப்பு வேண்டும். இறக்கி முடித்ததும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடுவதைத் தவறவிடாதீர்கள். கோப்பில் ஏற்பட்ட சிதைவைக் கர்னலின் பிழை என்று அறிக்கை எழுதி அனுப்பினால், உருவாக்குநர் ஒருவரின் அரை நாள் வீணாகும்.

8 ஜிபிக்குக் குறையாத பென்டிரைவில் உபுண்டுவின் டிஸ்க்ஸ் செயலி மூலமாகவோ டிடி கட்டளையாலோ அதை எழுதலாம். இங்கே என் சொந்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எக்ஸ்13எஸ்ஸில் பழைய அகலமான யுஎஸ்பி துளை கிடையாது என்பதால், கடைவீதியில் ஒரு மலிவான மாற்றி வாங்கி அதில் பென்டிரைவைச் செருகினேன். கிரப் என்னும் தொடக்க நிரலின் பட்டியல் வந்தது, கர்னல் ஏறியது, சற்று நேரத்தில் "இனிட்ராம்எஃப்எஸ்" (பூட்டின் தொடக்கக் கோப்புத் தொகுப்பு) என்ற வெறும் தூண்டிக்கோட்டில், அதாவது கட்டளைக்குக் காத்திருக்கும் வரியில், வந்து நின்றது. இரண்டு மாலைகள் கர்னல் அளவுருக்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மாற்றியைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிச் செருகியபோது கணினி முழுதாகப் பூட் ஆனது. சி வகைச் செருகி இரு பக்கமும் ஒன்றுதான் என்பது நல்ல மாற்றிகளுக்கு மட்டுமே உண்மை. அன்றிலிருந்து நேரடியாக சி முனை கொண்ட பென்டிரைவையே பயன்படுத்துகிறேன். எந்தத் துளையில், எந்தப் பக்கமாகச் செருகினேன் என்பதையும் நோட்டில் எழுதுகிறேன்.

ஃபர்ம்வேர் அமைப்புகள்

திங்க்பேட் என்றால் கணினியை இயக்கியதும் எஃப்1 விசையை அழுத்தி அமைப்புகளுக்குள் போகலாம். எஃப்12 பூட் பட்டியலைத் தரும். எக்ஸ்13எஸ்ஸின் புதிய பயாஸ்களில் லினக்ஸ் பூட்டுக்கென்றே ஒரு தெரிவு உண்டு. அதை இயக்கிவிட வேண்டும். சோதனைக் கர்னல்களைப் போட்டுப் பார்க்கும் எண்ணம் இருந்தால் செக்யூர் பூட்டை அணையுங்கள். மாற்றிய ஒவ்வொரு அமைப்பின் பழைய நிலையையும் கைபேசியில் படம் எடுத்து வைத்தால் போதும். இதற்கு மேல் இங்கே வேலை இல்லை.

பூட் எங்கே நின்றது என்பதே கேள்வி

எதிர்வீட்டுக் கல்லூரி மாணவன் ஒருவன் ஒரு நாள் தன் ஸ்னாப்டிராகன் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணா, பூட் ஆகவே மாட்டேங்குதுண்ணா" என்றான். "எந்த இடத்துல நிக்குது?" என்று கேட்டேன். "நிக்கிற இடமெல்லாம் தெரியல, பிளாக் ஆயிடுது" என்றான். கறுப்புத் திரை ஒன்றுதான். அதற்கான காரணங்கள் பல. அவற்றைப் பிரித்தறிவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது.

கிரப் பட்டியலே வரவில்லையென்றால் தவறு பென்டிரைவிலோ, ஃபர்ம்வேர் அமைப்பிலோ, தவறான ஐஎஸ்ஓவிலோ இருக்கிறது. லினக்ஸ் இன்னும் மேடையேறவே இல்லை. ஆர்ம்64 பென்டிரைவில் இஎஃப்ஐ கோப்புறைக்குள் "பூட்ஏஏ64" என்ற கோப்பு இருக்கிறதா என்று வேறு கணினியில் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கிரப் வந்து, கர்னலைத் தேர்ந்தபின் ஒரு வரிகூடத் தெரியாமல் திரை இருண்டால், டிவைஸ் ட்ரீ கிடைக்காமலோ தவறானது கிடைத்தோ இருக்கலாம். கணினியின் அடையாளத்தைப் படித்து அதற்குரிய கோப்பைத் தானே தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு புதிய வெளியீடுகளில் வந்திருக்கிறது. உங்கள் மாதிரி அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் பிழை அறிக்கை. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள, கிரப் பட்டியலில் ஆங்கில வரிசையின் ஐந்தாம் எழுத்தான "இ" விசையை அழுத்தி, "லினக்ஸ்" என்று தொடங்கும் வரியில் இருக்கும் "கொயட்", "ஸ்பிளாஷ்" என்ற இரு சொற்களையும் நீக்கி, எஃப்10 அழுத்திப் பூட் செய்யுங்கள். ஒரு வரியேனும் ஓடினால் கர்னல் உயிரோடு இருக்கிறது.

வரிகள் ஓடிக்கொண்டே வந்து சில நொடிகளில் திடீரெனத் திரை அணைந்தால் அது இந்த வகைக் கணினிகளுக்கே உரிய குணம். ஃபர்ம்வேர் திரையை இயக்கிவிட்டு அதற்கான கடிகாரத் துடிப்பையும் மின்சாரத்தையும் ஓடவிட்டே கர்னலிடம் ஒப்படைக்கிறது. பூட்டின் கடைசிக் கட்டத்தில் கர்னல், எந்த டிரைவரும் உரிமை கோராத துடிப்புகளையெல்லாம், வீட்டில் ஆளில்லாத அறையின் விளக்கை அணைக்கும் பாட்டியைப் போல, அணைத்துக்கொண்டே வரும். திரைக்கான டிரைவர் அதற்குள் வந்து சேரவில்லையென்றால் அந்த விளக்கும் அணையும். "சிஎல்கே இக்னோர் அன்யூஸ்ட்", "பிடி இக்னோர் அன்யூஸ்ட்" என்னும் இரு அளவுருக்கள், இடையில் அடிக்கோடுகளோடு, லினக்ஸ் வரியின் இறுதியில் சேர்க்கப்படுவது இதற்காகத்தான். இவற்றைச் சேர்த்ததும் திரை நிலைத்தால் அதை அறிக்கையில் கட்டாயம் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் அது தீர்வல்ல, காரணத்தைச் சுட்டும் அடையாளம் மட்டுமே.

திரை தெளிவாக இருந்து, இனிட்ராம்எஃப்எஸ் தூண்டிக்கோட்டில் நின்றால், கர்னலுக்குப் பென்டிரைவ் கண்ணில் படவில்லை என்று பொருள். கிரப் வரை பென்டிரைவைப் படித்தது ஃபர்ம்வேர். அதற்குப் பிறகு படிக்க வேண்டியது கர்னலின் சொந்த யுஎஸ்பி டிரைவர். அந்த டிரைவர் தொடக்கக் கோப்புத் தொகுப்பில் சேர்க்கப்படாமல் விடுபட்டிருக்கலாம். அல்லது என்னைப் போல நீங்களும் மலிவான மாற்றி வாங்கியிருக்கலாம். மாணவனின் கணினி இரண்டாம் வகைக் கறுப்பு: கொயட்டை நீக்கியும் ஒரு வரிகூட வரவில்லை. அவனுடைய மாதிரிக்கு அந்த வெளியீட்டில் டிவைஸ் ட்ரீ சேரவில்லை என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துபோனது.

நிறுவுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நேரடி அமர்வில் (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் உபுண்டுவில்) மேசைத்தளம் வந்ததும் நிறுவியை மூடிவிட்டு, முதலில் மேல்பட்டையின் வலக்கோடியைப் பாருங்கள். பேட்டரிச் சின்னம் இருக்கிறதா? இந்தச் சில்லுகளில் பேட்டரி நிலவரம் ஏடிஎஸ்பி என்னும் துணைச் செயலியின் வழியாகத்தான் வருகிறது. ஒலியும் அதைச் சார்ந்தே இயங்குகிறது. அந்தத் துணைச் செயலிக்குத் தனி ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும். ஆகவே பேட்டரிச் சின்னமும் ஒலியும் ஒருசேரக் காணாமல் போயிருந்தால் இரண்டு பிழைகள் என்று எண்ண வேண்டாம். டிமெஸ்ஜி கட்டளை காட்டும் கர்னல் பதிவில் "ரிமோட்பிராக்" என்ற சொல்லைத் தேடினால் ஒரே காரணம் கிடைக்கும். எக்ஸ்13எஸ்ஸுக்கான கோப்புகள் லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பிலேயே இருக்கின்றன. பல புதிய மாதிரிகளுக்கு அவை விண்டோஸ் பகுதியிலிருந்து பிரித்தெடுக்கப்பட வேண்டியவை. அதற்கெனத் தனிக் கருவியையும் உபுண்டு தருகிறது.

அடுத்து, அமைப்புகளில் "இந்தக் கணினியைப் பற்றி" பகுதியில் வரைகலை என்ன என்று காட்டப்படுகிறது என்பதைப் பாருங்கள். அட்ரினோ என்ற பெயர் வந்தால் ஃபிரீட்ரீனோ டிரைவர் வேலை செய்கிறது. "எல்எல்விஎம்பைப்" என்று வந்தால், வரைகலைச் சில்லு சும்மா கிடக்க, முதன்மைச் செயலியே ஒவ்வொரு புள்ளியையும் வரைந்துகொண்டிருக்கிறது. அந்த நிலையில் எடுக்கும் பேட்டரி அளவும் வெப்ப அளவும் எதற்கும் உதவாது.

கடிகாரத்தையும் கவனியுங்கள். இணையம் கிடைப்பதற்கு முன் நேரம் 1970 ஜனவரி 1 என்று காட்டினால், கணினியின் உள் கடிகாரத்தைக் கர்னலால் சரியாகப் பயன்படுத்த முடியவில்லை. இதன் விளைவு வேடிக்கையானது: உலாவி எல்லாப் பாதுகாப்பான தளங்களையும் "நம்பத்தகாதவை" என்று மறுக்கும், வைஃபையில் குறை என்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஒலியைச் சோதிக்கையில் ஓர் எச்சரிக்கை. சிறிய ஒலிபெருக்கிகள் அளவுக்கு மீறிச் சூடாகிக் கருகாமல் காக்கும் வேலையை விண்டோஸில் மென்பொருளே செய்கிறது. லினக்ஸில் அதற்கு நிகரான காவல் எல்லா மாதிரிகளுக்கும் இல்லை. கர்னலில் ஒலியின் மேல்வரம்பைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஒலி குறைவாக இருக்கிறதே என்று ஏதோ ஒரு கட்டளையால் அந்த வரம்பை மீறி ஏற்றிப் பார்ப்பது சோதனையாகாது, செலவாகும்.

நிறுவுதல்

நேரடி அமர்வில் எல்லாம் நன்றாக இருந்தாலும் நிறுவிய பிறகு மாறலாம். ஆகவே நிறுவித்தான் ஆக வேண்டும். பழைய லினக்ஸை அழிக்காமல், குறைந்தது 30 ஜிபி கொண்ட தனிப் பார்ட்டிஷனில் புதியதை வைப்பது என் வழக்கம். நிறுவியின் கடைசித் திரையில் பூட்லோடர் எந்த வட்டுக்குப் போகிறது என்பதை நிதானமாகப் படியுங்கள். நிறுவி முடித்து மறுதொடக்கம் செய்தும் ஃபர்ம்வேர் பட்டியலில் புதிய பதிவு வரவில்லையென்றால் பதற வேண்டாம். இந்தச் சில்லுகளில் இஎஃப்ஐ மாறிகளை (ஃபர்ம்வேரின் பூட் பட்டியலை வைத்திருப்பவை) எழுதுவதற்கான டிரைவர் கர்னல் 6.7-ல்தான் சேர்ந்தது, அதற்கு முந்தைய கர்னல்களில் பூட்லோடரை "பூட்ஏஏ64" என்ற பொதுப்பெயரில் நகலெடுத்து வைப்பதே வழி.

புதிதாக நிறுவுவதோடு, பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்துவதையும் ஒரு முறை சோதிக்க வேண்டும். உண்மையில் பெரும்பாலானோர் வருவது அந்த வழியாகத்தான். வட்டின் நகலொன்றை வெளி எஸ்எஸ்டியில் எடுத்துவிட்டு அதில் செய்து பாருங்கள். பழைய கர்னல் கிரப் பட்டியலில் இன்னும் இருக்கிறதா, அதைத் தேர்ந்தால் இன்னும் பூட் ஆகிறதா என்ற இரண்டையும் எழுதுங்கள்.

தமிழ் உள்ளீடு

இதை நம்மைத் தவிர வேறு யாரும் சோதிக்கப் போவதில்லை. ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவி, அமைப்புகளில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து, உரைத்தொகுப்பான், உலாவியின் முகவரிப் பட்டை, லிப்ரெஆபிஸ், கோப்புப் பெயர் மாற்றும் பெட்டி ஆகிய நான்கு இடங்களிலும் ஒரே வாக்கியத்தைத் தட்டிப் பாருங்கள். நான் தட்டுவது: "வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் இருக்கிறது, ஆற்காட்டுக்கு அங்கிருந்து பேருந்து உண்டு." இதில் கொம்பும் காலும் இரு பக்கமும் வரும் "கோ", இரட்டிக்கும் "ட்ட", இனவெழுத்தாகச் சேரும் "ண்ட", "ங்க", "ந்த", கிரந்த "ஜ" எல்லாம் இருக்கின்றன. தமிழ்99-ல் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழ வேண்டும். ந, த எனத் தட்டினால் "ந்த" வர வேண்டும். "கோ" தட்டிவிட்டுப் பின்னழிப்பு விசையை ஒரு முறை அழுத்தினால் என்ன நேர்கிறது என்பதையும் குறியுங்கள்: சில இடங்களில் "க" மிஞ்சும், சில இடங்களில் முழு எழுத்தும் போகும்.

25.10 வெளியீட்டில் உபுண்டு மேசைத்தளம் திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய எக்ஸ்11 அமர்வைக் கைவிட்டு, அதற்கு மாற்றாக வந்த வேலாண்டை மட்டும் தருவதால், உள்ளீடு தொடர்பான குறைகளுக்கு இந்தச் சோதனை முன்பைவிட முக்கியமாகிவிட்டது. ஆனால் இங்கே கண்ட குறையை ஆர்மின் தலையில் கட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். டெர்மினலில் தமிழ் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது இன்டெல் கணினியிலும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த திருமணப் பத்திரிகைக் கோப்பு திறக்காததும் சில்லின் குற்றமல்ல.

வெப்பமும் பேட்டரியும்

விசிறி இல்லாத கணினியை வேலூரில் சோதிப்பவருக்கு இயற்கையே ஒரு சோதனைக்கூடத்தைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊர் இது. பிற்பகலில் மாடி அறையில் கணினியைத் தொட்டாலே சுடும். சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அது பிழையல்ல. எத்தனை நிமிடத்தில் குறைக்கிறது, எவ்வளவு குறைக்கிறது, சுமை நீங்கியதும் மீள்கிறதா என்பவையே கேள்விகள்.

செயலிக்குச் சுமையேற்றும் ஸ்ட்ரெஸ்-என்ஜி கருவியை அதன் எட்டுக் கருக்களிலும் (கோர்) 20 நிமிடம் ஓடவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை பெரிய கருக்களின் வேகத்தையும் வெப்பத்தையும் பதிவு செய்யுங்கள். எக்ஸ்13எஸ்ஸின் நான்கு பெரிய கருக்கள் 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடியவை. பழைய வெளியீட்டில் ஆறாவது நிமிடத்தில் இறங்கியது புதியதில் இரண்டாவது நிமிடத்திலேயே இறங்கினால் அது அறிக்கைக்கு உரியது. ஆனால் இரு அளவீடுகளும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், சுவரில் மாட்டிய வெப்பமானி ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும்போது எடுக்கப்பட்டிருக்க வேண்டும். மார்கழிக் காலையில் எடுத்த பழைய அளவை மே மாதப் பிற்பகலோடு ஒப்பிட்டால் லினக்ஸை அல்ல, பருவத்தையே அளந்தவராவீர்கள். ஏப்ரல் வெளியீட்டுக்கான பழைய அளவை மார்ச் இறுதியில் எடுத்துவிடுவது நல்லது.

பேட்டரிக்கு எனக்குப் பிடித்த நாள், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள். காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போகும் என்று அறிவித்திருப்பார்கள். அதற்கு முன் பேட்டரியை நிரப்பி, கைபேசியின் இணைப்போடு வழக்கமான வேலையைத் தொடங்கிவிடுவேன். சார்ஜரைச் செருகும் சபலத்துக்கே வழியில்லை. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விழுக்காட்டை எழுதி, நடுவில் அரை மணி நேரம் மூடியை மூடி உறங்கவிட்டு எழுப்ப வேண்டும். எழுந்ததும் வைஃபை எத்தனை நொடியில் திரும்புகிறது, தொடுபலகை உடனே அசைகிறதா, ஒலி வருகிறதா என்று பாருங்கள். உறக்கத்திலிருந்து ஒருமுறை எழுந்தால் தேறிவிட்டது என்று கொள்ள முடியாது. பத்து முறை உறங்கி எழ வேண்டும். ஏழாவது முறை எழாமல் போகும் கணினிதான் அலுவலகக் கூட்டத்தில் காலை வாரிவிடும்.

அச்சுப்பொறியும் கையொப்பச் சாவியும்

இங்கே ஜெராக்ஸ் கடைகளிலும் கணக்காளர் அலுவலகங்களிலும் லினக்ஸ் பற்றிப் பேசினால் முதலில் வரும் கேள்வி அச்சுப்பொறி பற்றியது. ஐபிபி என்னும் பொது அச்சு நெறிமுறை வழியாக டிரைவரின்றி இயங்கும் புதிய அச்சுப்பொறிகள் ஆர்மிலும் சிக்கலின்றி இயங்கும். பழைய சிறிய லேசர் அச்சுப்பொறிகள் சிலவற்றுக்கு, தயாரிப்பாளர் தரும் டிரைவர் இன்டெல் வகைக் கணினிகளுக்காக மட்டுமே தொகுக்கப்பட்டது. அதை ஆர்ம்64-ல் நிறுவ முயன்றால் தொகுப்பு மேலாளரே மறுத்துவிடும். வரித் தாக்கலுக்குப் பயன்படும் டிஜிட்டல் கையொப்பச் சாவிகளின் நிலையும் இப்படித்தான்: விற்பனையாளர் ஆர்ம்64 நூலகம் தருகிறாரா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பாக்ஸ்64 போன்ற மாற்றிகள் இன்டெல் செயலிகள் பலவற்றை ஓட்டிக்காட்டும் என்றாலும், வரித் தாக்கலின் கடைசி நாளில் அவற்றை நம்பி உட்காரும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

பிழை யாருடையது

குறையொன்று தெரிந்ததும் அறிக்கை எழுத ஓடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். புதிய வெளியீட்டை அப்படியே வைத்துப் பழைய கர்னலில் பூட் செய்தபோது குறை மறைந்தால், அது கர்னலையோ டிவைஸ் ட்ரீயையோ சேர்ந்தது. மறையவில்லையென்றால் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் உங்கள் பழைய அமைப்புக் கோப்புகளே காரணம். அங்கும் இருந்தால், இன்டெல் கணினி ஒன்றில் அதே வெளியீட்டை மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கும் அதே குறை தெரிந்தால் அது மேசைத்தளத்தின் பிழை. அறிக்கையில் ஆர்ம் என்று எழுதினால் படிப்பவர்களைத் திசைதிருப்பும்.

கர்னல்தான் என்று உறுதியானால், உபுண்டுவின் மாற்றங்கள் கலக்காத மூலக் கர்னலிலும் ஒரு முறை முயலுங்கள். அங்கே சரியாக இருந்தால் திருத்தம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கலாம். அதைக் கொண்டுவந்து சேர்க்கும்படி கேட்பதே உங்கள் அறிக்கையாகும்.

அறிக்கையும் அதன் பின்னும்

உபுண்டு-பக் கட்டளை தேவையான பதிவுகளைத் தானே திரட்டி உபுண்டுவின் பிழைப் பதிவுத் தளமான லாஞ்ச்பேடுக்கு அனுப்பும். கணினி உறைந்து, மின்விசையை அழுத்தி அணைக்க நேர்ந்திருந்தால், ஜர்னல்சிடிஎல் கட்டளையில் முந்தைய பூட்டின் பதிவைக் கேட்டு அதைத் தனியாக இணைக்க வேண்டும்; இப்போதைய பதிவில் அந்த விபத்தின் தடயம் இருக்காது. அனுப்புவதற்கு முன் வரிசை எண், வைஃபை முகவரி, மோடம் உள்ள மாதிரிகளில் ஐஎம்இஐ எண் ஆகியவற்றைத் தேடி நீக்குங்கள். அந்த அறிக்கையை எவரும் படிக்கலாம்.

தலைப்பில் மாதிரியின் பெயரும், நிகழ்ந்ததும், எந்தச் செயலுக்குப் பிறகு என்பதும் இருந்தால் போதும்: "எக்ஸ்13எஸ்: உறக்கத்திலிருந்து எழுந்தபின் வெளித்திரை தெரிவதில்லை, 10-ல் 4 முறை" என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். "லினக்ஸ் வேலை செய்யவில்லை" என்ற தலைப்பை யாரும் திறந்து பார்ப்பதில்லை. உள்ளே நோட்டின் இரு பக்கங்களும் வர வேண்டும்: பழைய வெளியீட்டில் எந்தக் கர்னலில் எவ்வாறு இருந்தது, புதியதில் எந்தக் கர்னலில் எவ்வாறு ஆனது. பீட்டா என்னும் சோதனைப் பதிப்பு வந்த முதல் வாரத்திலேயே அனுப்பினால் திருத்தம் வெளியீட்டுக்குள் சேர வாய்ப்பு உண்டு. மாற்றங்களை நிறுத்திவைக்கும் இறுதி உறைவுக்குப் பிறகு பூட் ஆகாமை போன்ற கடுமையான பிழைகளுக்கு மட்டுமே கதவு திறக்கும். மற்றவை வெளியீட்டுக்குப் பிந்தைய மேம்படுத்தல்களுக்குத் தள்ளப்படும். இடைக்கால வெளியீடுகளுக்கு ஆதரவு ஒன்பது மாதம் மட்டும்தான் என்பதால், இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும் நீண்டகால ஆதரவு வெளியீட்டுக்கு முன் செய்யும் சோதனைக்கே நான் அதிக நேரம் ஒதுக்குகிறேன்.

அறிக்கைக்குப் பதிலாகச் சோதனைக் கர்னல் ஒன்றைத் தந்து, போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். சில நேரம் ஒரே நாளில் பதில் வரும், சில நேரம் ஆறு வாரம் ஆகும். அதுவரை சோதனைப் பார்ட்டிஷனைக் கலைக்காமல் விடுங்கள். எல்லாம் முடிந்தபின் கலைக்கும்போது, பார்ட்டிஷனை மட்டும் அழித்தால் போதாது. இஎஃப்ஐ பகுதியில் எஞ்சியிருக்கும் அதன் கோப்புறையையும், இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையால் ஃபர்ம்வேர் பட்டியலில் இருக்கும் அதன் பதிவையும் நீக்கி, பழைய லினக்ஸ் முதலிடத்துக்கு வந்துவிட்டதா என்று ஒரு முறை மறுதொடக்கம் செய்து பார்த்துவிடுங்கள்.